மிஞ்சிய புளி

மருமகள் புளி போட்டுக் குத்துவிளக்குத் தேய்க்கிறாள். பித்தளையில் புளி படும் அந்த வாசனை வந்ததும், நான் ராயபுரத்தில் எங்கள் சந்துக் குழாயடிக்கே போய்விட்டேன்.

அம்மா திருநெல்வேலிப் பக்கம். அவள் வளர்ந்த ஊரில் சாதிக்கொரு கிணறு. அப்பா ராயபுரத்தில் கடை போட்டதால் அங்கே குடிவந்தவள், சந்துக்கே பொதுவான அந்த ஒற்றைக் குழாயைத் தினமும் புளியால் தேய்த்துக் கழுவிய பிறகுதான் குடத்தை வைப்பாள். பின்னால் நிற்பவர்களுக்குக் காரணம் தெரியும். காசிமேட்டில் மீன் விற்கும் அந்தோணியம்மாதான் வாய் திறப்பாள்.

“இன்னாம்மா, கொழா தேஞ்சிப்பூடப் போவுது!”

குழாயடியே சிரிக்கும்.

ஒரு வருஷம் அம்மா விஷக்காய்ச்சலில் படுத்தாள். நோயாளி இருக்கும் வீட்டுக் குடம்தான் முதலில் நிறைய வேண்டும் என்பது எங்கள் சந்து வழக்கம். அந்தோணியம்மா மீன் வாசனையோடு தண்ணீர் சுமந்து வந்து இறக்குவாள்.

“குடிம்மா, இன்னா பாக்குற?”

அம்மா முதலில் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். போகப் போக, அந்தோணியம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.

எழுந்து நடமாடிய அன்றே மறுபடி புளியோடு கிளம்பினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அவள் குழாயைத் தொடவில்லை. அந்தோணியம்மாவின் பித்தளைக் குடத்தை இழுத்துவைத்துப் பளபளவென்று தேய்த்து, நிரப்பி, அவள் இடுப்பில் ஏற்றிவிட்டாள்.

“இன்னாம்மா இது?”

“புளி மிஞ்சிட்டு. அதான்.”

அம்மா ஊர்க் கிணற்றடியிலேயே வளர்ந்திருந்தால் நான் என்னவாகியிருப்பேனோ! அந்தக் குழாய்க்குக் கோயிலே கட்டலாம்.

“அத்தை, புளி மிச்சமிருக்கு. கொட்டிடவா?”

“கொட்டாதே. எதிர் வீட்டு விளக்கையும் வாங்கிட்டு வா.”