நேசம் அக்காவின் அரை நாள் லீவு

நேசம் அக்கா போய்விட்டாள் என்று ஷீலா போன் பண்ணியபோது நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். கடையில் தையல் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாளாம். அடுப்பை அணைத்தேன். சாப்பாடு எங்கே என்று மேடம் கேட்டதும் மறுபடி பற்றவைத்தேன்.

அக்காவோடு ஒரே ரூமில் இருந்த நீங்கள் ஆஸ்பத்திரியில் அவள் முகத்தைப் பார்த்தீர்கள். யாழ்ப்பாணத்துக்குப் பெட்டி போனபோது ஏர்போர்ட் வரைக்கும் போனீர்கள். இன்று இந்த அரபு நாட்டின் தேசிய தினம், எல்லாருக்கும் லீவு என்பதால் ரூவியில் கூடி அவளைப் பற்றிப் பேசுகிறீர்கள். வீட்டு வேலைக்காரிக்கு லீவு கிடையாது. இன்றைக்குத்தான் இங்கே விருந்தாளிகள் அதிகம். அதனால் அஞ்சாம் வகுப்போடு நின்ற நான் இதை எழுதி, போட்டோ எடுத்து, உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லி ஷீலாவுக்கு அனுப்புகிறேன். வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

இந்த லீவு மேல் எனக்குப் பொறாமை இன்று நேற்று வந்ததல்ல. நவம்பர் வந்தால் அக்கா பிள்ளைகளுக்குக் கொடி நிறத்தில், சிவப்பும் வெள்ளையும் பச்சையுமாய், கவுன் தைத்துத் தள்ளுவாள். லீவன்று மத்ரா கடற்கரைக்கு வாணவேடிக்கை பார்க்கப் போவாள். மறுநாள் போனில் ஒன்று விடாமல் சொல்வாள்.

"போதும்க்கா, வையி."

"ஏனடி, எரியுதோ? இன்னும் முடியேல்லை, கேள்."

முன்பு அந்த லீவு பழைய ராஜாவின் பிறந்தநாளுக்கு. போன வருஷம் நாளை மாற்றி, அரச வம்சம் ஆட்சிக்கு வந்த நாளுக்கு என்றார்கள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "அவையள் பரம்பரைக்கே லீவு விடுகினம். எங்கட பரம்பரையில லீவெடுத்த ஒரு ஆளைக் காட்டு பாப்பம்!"

அந்த லீவில்தான் இங்கே வந்தாள். இந்த வீட்டுச் சின்னப்பிள்ளை மரியத்தின் கவுன் இடுப்பில் தொளதொளவென்று இருந்ததால் மேடம் கூப்பிட்டிருந்தாள். ஊசி வேலை சீக்கிரம் முடிந்தது. அக்கா போகவில்லை. அடுப்படிக்கு வந்து, நான் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"லீவன்னைக்கும் வேலையா? எந்திரிச்சுப் போக்கா. கடற்கரைல எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்க."

"இருக்கட்டும். என்ர லீவு. நான் விரும்பின இடத்தில இருப்பன்."

அப்போதும் எனக்குப் பொறுக்கவில்லை. நான் தூக்கி வளர்த்த மரியம் ஓடிவந்து அவள் மடியில்தான் ஏறினாள். மேடம் அல்வாத் தட்டை அவளுக்குத்தான் முதலில் நீட்டினாள். "ஒரு கவுன் தச்சுக் குடுத்தா புள்ள கூட கட்சி மாறிருது" என்றேன். அக்கா அல்வாவைக் கிள்ளி என் வாயில் திணித்தாள். "இப்ப வாயைத் திறந்து கதை பாப்பம்."

இன்று நீங்கள் மாறி மாறிச் சொல்வீர்கள். வெள்ளிக்கிழமைச் சமையல், ரூம் சண்டை, கடற்கரை, கடைசியாய்ப் பார்த்த முகம், எல்லாம் உங்களுக்கே இருக்கட்டும். வாணவேடிக்கையை விட்டுவிட்டு வெங்காயம் உரிக்க வந்தாளே, அந்தச் சாயங்காலம் மட்டும் என்னுடையது. வாசித்துக் கேட்டுக்கொள்ளுங்கள். பங்கு தரமாட்டேன்.

சந்திரா