போர்ப்படத்தில் ஒரு சிவப்பு அம்பு

காயாத சிவப்பு மை விரலில் பட்டால் லேசில் போகாது. சோறு பிசையும்போதுகூட அந்த வாசனை வரும்...

வடக்கே பனிமலையில் போர் நடந்த வருடம் அது. சிவகாசியில் ஒரு சின்ன மாலைப் பத்திரிகையில் எனக்கு டைப் அடிக்கிற வேலை. நாலே பக்கம். சிவப்பு, கறுப்பு என்று இரண்டே கலர். ஆசிரியரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும்.

பட்டாளத்துக்குப் போன என் அண்ணன் அந்த மலையில்தான் எங்கேயோ இருந்தார். மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. அம்மா தினமும் என்னிடம்தான் கேட்பார், பத்திரிகை ஆபீசில் இருப்பவளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து!

எங்களுக்கு ஏது டெல்லி நிருபர்? வானொலிச் செய்தியைக் கேட்டு, அதில் வரும் ஊர்ப் பெயர்களை வைத்து ஆர்ட்டிஸ்ட் மாரியப்பன் தினமும் மேப் மாதிரி ஒரு போர்ப்படம் வரைவார். வெடிப் பெட்டிக்கு லேபிள் வரைந்து பழகிய கை. பேப்பரில் வெற்றிடம் விட அந்தக் கைக்குத் தெரியாது.

ஒருநாள் படத்தில் ஒரு மூலை காலியாகக் கிடந்தது. ஒரு சிகரத்தைப் பார்த்து, பின்பக்கமாக ஏறுகிற மாதிரி தடியாக ஒரு சிவப்பு அம்பைப் போட்டுவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நானும் பக்கத்தில் ஒட்டி அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை மதுரையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சாதாரண சட்டை, கையில் எங்கள் பேப்பர். அடையாள அட்டையை அண்ணாச்சியிடம் மட்டும் காட்டினார்.

"இந்த அம்பை யார் சொல்லிப் போட்டீங்க?"

"யாரும் சொல்லல ஸார். அந்த மூலை சும்மா கெடந்துச்சு," என்றார் மாரியப்பன்.

அதிகாரி சிரிக்கவில்லை. "இங்கேருந்து தீபாவளி லோடு ஏத்துற லாரி எல்லாம் வடக்கே எல்லை வரைக்கும் போகுது. டிரைவருங்க உங்க பேப்பரையும் வாங்கிட்டுப் போறாங்க. அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. அம்பு எல்லாருக்கும் புரியும். இது வேண்டாம்."

அண்ணாச்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எந்த ஆபீசிலிருந்தாவது "இந்தச் செய்தியைப் போடாதீங்க" என்று போன் வந்தால், அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். அதற்காக இரண்டு முறை கோர்ட்டு வாசலும் மிதித்தவர்.

"எழுத்துல குடுங்க. எடுத்துர்றேன்," என்றார்.

"எழுத்துல தர முடியாதுங்க."

"அப்ப அம்பு தப்புன்னாச்சும் சொல்லுங்க. இன்னைக்கே திருத்தம் போடுறேன்."

அதிகாரி பதில் சொல்லவில்லை.

தப்பு என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அண்ணாச்சியின் கண்ணையே பார்த்துக்கொண்டு இருந்தார். அண்ணாச்சி முகம் மாறியது. எனக்கும் புரிந்துபோனது. அப்படியென்றால் அந்த அம்பு நிஜம். அப்படி ஏறப்போகிறவர்களில் என் அண்ணனும் இருக்கலாம்...

"ஸார், எங்க அண்ணன் அங்கனதான் இருக்காக," என்றேன். வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. அதிகாரி எழுந்து, என்னையும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

"படத்தையே தூக்கிருவோம்," என்றார் அண்ணாச்சி.

"தினமும் வர்ற படம் அண்ணாச்சி. நிப்பாட்டுனா ஏன்னு கேப்பாக. அந்த ஒத்த அம்பு மேலதான் கண்ணு போகும். சுத்தி இன்னும் ஒம்பது போட்டுருவோம்," என்றார் மாரியப்பன்.

"பொய்ய அச்சடிக்கச் சொல்றியாடா?"

 அரைமணி நேரம் கழித்து அண்ணாச்சி என்னிடம் வந்தார். "ஏம்மா, படத்துக்கு அடியில ஒரு வரி அடி. 'ஓவியரின் கற்பனை'ன்னு. நேத்துப் படத்துக்கும் அதான் உண்மை. போடாம விட்டது நம்ம தப்பு."

பத்து அம்போடு படம் வந்தது. ஊரே சிரித்தது. "என்ன அண்ணாச்சி, போர்ப்படம் கேட்டா சங்குசக்கரம் விட்டிருக்கீக?" என்று டீக்கடையில் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். ரோஷக்காரர் அவர். ஆனாலும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

கொஞ்ச நாளில் வானொலியில் சொன்னார்கள், சிகரம் நம் கைக்கு வந்துவிட்டதென்று. மாரியப்பன் முதலில் போட்ட அம்பு காட்டிய அதே சிகரம்!

"நாம அன்னைக்கே சொன்னோம்னு போடுவோம் அண்ணாச்சி!" மாரியப்பன் குதித்தார்.

"வானொலி சொன்னதை மட்டும் போடு," என்றார் அண்ணாச்சி. அவ்வளவுதான். வேறு எந்தப் பத்திரிகைக்கும் கிடைக்காத செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா! இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது.

லீவில் வந்த அண்ணனிடம் அந்த முதல் படத்தைக் காட்டினேன். அம்பின் மேல் விரலை வைத்தார். வெகுநேரம் விரலை எடுக்கவே இல்லை. "இப்படித்தான் ஏறுனோம்," என்றார். 

போன வருடம் மறுபடி எல்லையில் சண்டை வந்தபோது சாத்தூரில் அண்ணன் வீட்டில் இருந்தேன். இப்போது அவர் மகன் அங்கே பட்டாளத்தில். டிவியில் விமானம் பறக்குது, குண்டு வெடிக்குது, எல்லாம் கம்ப்யூட்டர் படம். அடுத்து நம் படை எந்தப் பக்கம் போகும் என்று ஒருத்தர் கோடு போட்டுக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார். கற்பனை என்று அடியில் ஒரு வரி இல்லை.

"இவுகளைத் தட்டிக் கேக்க யாருமே இல்லையாம்மா?" என்றார் அண்ணன்.

"அரசாங்கம் ஆர்டர் போட்டிருக்குண்ணே. படை போறதைக் காட்டக் கூடாதுன்னு."

"ஆர்டர் கெடக்கு... நேர்ல வந்து உக்காந்து, பதில் சொல்லாம இருக்கிற ஒரு ஆளு வேணும். அதைப் பாத்துப் புரிஞ்சிக்கிடுற ஒரு ஆளும் வேணும்."

டிவியை அணைத்துவிட்டு மறுபடி மகனுக்குப் போன் போட்டார். சுவிட்ச் ஆஃப் என்றே வந்தது.