கறுப்புச் சட்டைக்காரரின் பழைய முகம்

மத்ரீத் நகரச் சந்தையில் மீன் விற்றுவந்த கசில்தாவுக்கு அந்த ஒரு வருஷத்துப் பிற்பகல்களை நினைத்தால் இன்றும் மனசு இளகிவிடும். மதியம் கடையைச் சாத்தி, எலுமிச்சையால் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு அருங்காட்சியகத்துக்கு ஓடுவாள். நாற்பத்தாறு வயதில் எண்ணெய் வண்ணம் பழகும் ஆசை. நகலெடுக்க அவள் அனுமதி வாங்கியிருந்தது முந்நூறு வருஷப் பழமையான உருவப்படம் ஒன்று. கறுப்புச் சட்டை போட்ட, பேர் தெரியாத ஒரு கிழவர்.

"மீன்காரம்மா வந்தாச்சுன்னு படிக்கட்டுலயே தெரிஞ்சுபோச்சு," என்பார் அந்தக் கூடத்துக் காவலர் எலாடியோ.

"உங்க மூக்கு சரி, கண்ணு எப்படி? இந்தக் கன்னத்தைப் பாத்துச் சொல்லுங்க."

"மூணு நாள் பழைய மீன் மாதிரி இருக்கு."

அவர் சொன்னது சரிதான். எடுத்த எடுப்பில் இளஞ்சிவப்பைப் பூசியிருந்தாள். நாள்கணக்காக உற்றுப் பார்த்த பிறகே மூலத்தில் தோலுக்கு அடியில் ஒரு மங்கிய பச்சை இருப்பது பிடிபட்டது. சுரண்டி எடுத்துவிட்டு, பச்சை கலந்த சாம்பலை முதலில் தீட்டிக் காயவிட்டு, அதன்மேல் சதைநிறத்தை மெல்லிசாக ஏற்றினாள். கிழவருக்கு உயிர் வந்தது.

வாய் மட்டும் பாக்கி இருந்தபோது, மூலப் படத்தைச் சுத்தம் செய்யக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"கவலைப்படாதீங்க," என்றார் எலாடியோ. "பத்தொன்பது வருஷமா எதிர்ல உக்காந்திருக்கேன். இடது ஓரம் லேசா மேல ஏறும். எதையோ சொல்லாம அடக்கிக்கிட்டுச் சிரிக்கிற மாதிரி."

அவள் உதட்டோரத்தைத் தூரிகையால் ஏற்றிக் காட்டினாள். "இவ்வளவா?"

"அது கல்யாண வீட்டுச் சிரிப்பு. குறைங்க."

எட்டு நாள் மல்லுக்கட்டி உதட்டை முடித்தார்கள்.

வசந்தத்தில் படம் திரும்பி வந்தது. உதட்டோரத்துக் கோடு பிற்காலத்தில் வேறு யாரோ தீட்டியதாம்; அழித்துவிட்டார்கள். அடியிலிருந்த வாய் இறுக மூடியிருந்தது. எலாடியோ வெகுநேரம் நின்று பார்த்தார்.

"யாரு இந்த ஆளு?" என்றார்.

ஓவியன் வரைந்தது இதுதான், இதுவே மேலானது என்று கசில்தாவுக்குத் தெரிந்தது. ஆனாலும் தன் நகலின் வாயை மாற்றாமல் அப்படியே வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

அடுத்த ஞாயிறு காலை, சூடான சுரோ பலகாரப் பொட்டலத்தோடு எலாடியோ அவள் வீட்டு வாசலில் நின்றார். "ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்." அவள் நாற்காலியை நகலுக்கு எதிரே திருப்பிப் போட்டாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிறுதோறும் வந்தார், சாகும்வரை.

மூடிய வாயோடும் ஒரு நகல் செய்தாள் கசில்தா. கைத்திறனில் அதுதான் உசத்தி. கேட்ட முதல் ஆளுக்கே அதைக் கொடுத்துவிட்டாள்.