பீரோவுக்குள் பூட்டின பாட்டு

உலகத்தில் இசை மூன்று தடவை பிறந்தது. முதல் தடவை, மூங்கில் ஓட்டைக்குள் காற்று தெரியாமல் நுழைந்தபோது. இரண்டாவது தடவை, காயப்போட்ட மாட்டுத்தோலின் மேல் யாரோ கைதவறி அடித்தபோது. மூன்றாவது தடவை, அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியின் முதல் மாடியில், ஓவர்லாக் டெய்லர் சீனியம்மாள் சோறு தின்ற கையைச் சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையில் துடைத்துவிட்டு ஒரு டேப்லெட்டைத் தொட்டபோது. அன்றைக்குப் பல்லடம் ரோட்டில் லாரிகள் ஹாரன் அடிக்க வெட்கப்பட்டன. ஊத்துக்குளி எருமைகள் பாலுக்குப் பதிலாக நேராக வெண்ணெயே கறந்தன. நம்பாதவர்கள் எருமையைக் கேட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவு புகழ்கிற எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டாலே தலைவலி.

நான் நித்யஸ்ரீ. பதினொன்றாம் வகுப்பும் நானும் பாதியிலேயே பேசி முடித்துப் பிரிந்துவிட்டோம். இப்போது அதே கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனைப் புரட்டிப் பார்த்து, எங்கே தையல் விட்டிருக்கிறதோ அங்கே ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் வேலை. ஸ்டிக்கரைப் பனியனில் மட்டும்தான் ஒட்ட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் சூப்பர்வைசர் வேல்குமார் அண்ணன் முதுகிலும் ஒட்டினேன். அவர் அதோடு பஸ் ஏறிப் பெருமாநல்லூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்.

சீனியம்மாள் அக்காவுக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணமான புதிதில் புருசனோடு திருப்பூர் வந்தவர். புருசன் அப்புறம் வேறு ஊருக்கு வேலை தேடிப் போனார், வேறு குடும்பமும் தேடிக்கொண்டார். அழுதீர்களா என்று அக்காவிடமே கேட்டேன். "அன்னைக்கு ஷிப்ட் இருந்துச்சு" என்றார். மகளை ஒற்றை ஆளாக வளர்த்து, படிக்கவைத்து, சிவகாசியில் கட்டிக்கொடுத்தார். கொரோனாவில் பள்ளிக்கூடம் செல்போனுக்குள் வந்தபோது மகளுக்கு வாங்கின டேப்லெட் அது. கல்யாணமாகிப் போகும்போது, "ஓரத்துல உடைஞ்சிருக்கும்மா, நீயே வச்சுக்கோ" என்று மகள் விட்டுவிட்டுப் போனாள்.

அதில் சமையல் வீடியோ தேடப் போய், எதையோ தொட்டு, சிந்தசைசர் ஆப் ஒன்றைத் திறந்துவிட்டார் அக்கா. மேலே பியானோ மாதிரி கட்டைகள். கீழே கட்டம் கட்டமாக ஒரு பலகை. ஒரு கட்டத்தில் ஒரு சத்தத்தை வைத்தால் அதன் முறை வரும்போது அது அடிக்கும். சுற்றி வந்து மறுபடி அடிக்கும். வேறு யாராக இருந்தாலும் கட்டத்தில் தாளம் வைத்திருப்பார்கள். அக்காவுக்குத் தாளம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது அட்டைப்பெட்டி. ஒரு பெட்டியில் ஒரு எஸ், இரண்டு எம், இரண்டு எல், ஒரு எக்ஸெல் என்று பனியன் அடுக்குவோம். அதே மாதிரி சத்தத்தை அடுக்கினார். டக். டக்டக். டக்டக். டக். அப்புறம் டேப் ஒட்டுகிற நேரத்துக்குக் கொஞ்சம் இடைவெளி. மறுபடி அடுத்த பெட்டி.

அந்த ஆப்பில் வெளிச்சத்தத்தையும் பிடித்துப் போடலாம். அயர்ன் பெட்டி 'புஸ்' என்று ஆவி விடுவதைப் பிடித்தார். டீ டம்ளரைப் பிடித்தார். தன் ஓவர்லாக் மெஷின் ட்ர்ர்ரென்று இழுப்பதைப் பிடித்துப் பியானோக் கட்டையில் போட்டார். இடது பக்கம் அழுத்தினால் மெஷின் கிழவன் மாதிரி இருமும், வலது பக்கம் அழுத்தினால் குருவி மாதிரி கத்தும். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் தையல் லைனே அவரைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். வருகிற ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் வாடகை ஸ்பீக்கர் கட்டும்போது தன் பாட்டு அதில் ஒலிக்கும் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். ஒரே ஒரு குறை. பலகையில் ஒரு கட்டம் காலி.

"ஏட்டி நித்யா, இந்தக் கட்டத்துக்கு ஒரு கொரலு வேணும். சும்மா ரெண்டு இழுப்பு இழுத்துக் குடு."

"உங்க பாட்டுல எனக்குத் தலை வலிக்குதுங்க்கா. எருமையக் கூப்பிட்டு இழுக்கச் சொல்லுங்க."

"ஒன் கொரலு எருமைக்குக் கொஞ்சம் தேவலாம்னுதாம் கேட்டேன்."

"அப்ப எருமைகிட்டயே கேட்டுப் பாருங்க, கோவிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.

வினை பாட்டில் இல்லை, காலில் வந்தது. இடைவேளை முடிந்து மணி அடித்ததும் அக்கா டேப்லெட்டை அணைத்துவிட்டார். ஆனால் லைனில் இருந்த பெண்களின் கால் அணையவில்லை. பெடலை ஒரே மிதியாக மிதித்துத் அக்குளிலிருந்து இடுப்புவரை ஓட்ட வேண்டிய தையலை, டக், டக்டக், டக்டக் என்று விட்டு விட்டு மிதித்துத் தைத்திருக்கிறார்கள். அவர்களுக்கே தெரியாது. சாயங்காலம் என் மேசைக்கு வந்த பனியன் எல்லாம் பக்கவாட்டில் நெளிநெளியாக இருந்தது. அம்புக்குறி ஒட்டி ஒட்டி எனக்கு ரோலே தீர்ந்தது. அந்த நெளியலிலும் ஒரு எஸ், இரண்டு எம் கணக்கு பிசகவில்லை.

வேல்குமார் அண்ணன் ஒரு பனியனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடும்.

"ஏனுங்க சீனியம்மா, இது பனியனுங்களா, பாம்புங்களா?"

"பிரிச்சுத் தச்சுக் குடுத்துருதேன் தம்பி. இடைவேளையில ஒக்காந்து நானே தைக்கேன்."

"தையல விடுங்க. அந்தப் பொட்டியக் கொண்டாங்க. இனிமே இதத் தொடமாட்டேன், தப்புத்தானுங்கன்னு எல்லார்த்து முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வாங்கிக்கங்க."

"டேமேஜுக்கு மன்னிப்புக் கேக்கேன். பாட்டுக்குக் கேக்கமாட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதானுங்க."

"ஒங்களுக்கு ஒண்ணு. எனக்கு ரெண்டு."

டேப்லெட் ஆபீஸ் பீரோவுக்குள் போனது. அக்கா சொன்னபடி இடைவேளைகளில் உட்கார்ந்து நெளிந்த பனியனை எல்லாம் பிரித்துத் தைத்தார். சுற்றி உட்கார்ந்து பாட்டுக் கேட்டவர்கள் சுற்றி உட்கார்ந்து நூல் பிரித்தார்கள். பூஜை நெருங்க நெருங்க, "மன்னிப்புக் கேட்டுத்தான் தொலைங்களேன்க்கா, ஒரு வார்த்தைதானே" என்று அவர்களே கெஞ்ச ஆரம்பித்தார்கள். அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

டேமேஜ் கணக்குக் கொடுக்கத் தினமும் நான்தான் ஆபீசுக்குப் போவேன். பீரோ சாவி முருகன் காலண்டர் தொங்குகிற ஆணியில் தொங்கும். இது கம்பெனி ரகசியம் என்று வேல்குமார் அண்ணன் நினைத்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் வீட்டு நாய்க்கே அது தெரியும்.

"நான் வேணா எடுத்துட்டு வந்து தரட்டுங்களா?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"திருடிக் கொண்டாந்தா அது திருட்டுப் பாட்டு. எல்லாரு முன்னால வாங்குனாரு, எல்லாரு முன்னால அவரே தரட்டும்."

"தராட்டி?"

"அதுக்கும் வழி இருக்கு. கால் இருக்குல்லா."

எனக்குப் புரியவில்லை. தலைவலி வேறு.

ஆயுத பூஜை வந்தது. மெஷினுக்கெல்லாம் மாலை. வாழைக்கன்று, பொரி, சுண்டல். அவரவர் ஆயுதத்தை அவரவர் முன்னால் வைத்துச் சந்தனப் பொட்டு வைத்தோம். கத்தரிக்குப் பொட்டு, இஞ்ச் டேப்புக்குப் பொட்டு, என் ஸ்டிக்கர் ரோலுக்கும் பொட்டு. முதலாளி கந்தப்பன் வெள்ளை வேட்டியில் ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் அக்காவின் மெஷினருகே நின்றார். மாலை இருந்தது. பொட்டு இல்லை. அக்கா சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, பொட்டு வெக்கிலீங்களா?"

"என் ஆயுதம் ஒண்ணு ஒங்க பீரோக்குள்ள கெடக்கு மொதலாளி. அதுக்கு வைக்காம இதுக்கு வைக்கமாட்டேன்."

வேல்குமார் அண்ணன் குறுக்கே வந்தார். "ஒரு வார்த்தை கேட்டாக் குடுத்துப்போடறேன்னு சொல்லியிருக்கறனுங்க. இவங்கதான் புடிவாதம் புடிக்கறாங்க."

"பூசை முடியட்டும், அப்பறம் பாக்கலாம்" என்று முதலாளி நகர்ந்தார். ஸ்பீக்கரில் வருசா வருசம் போடுகிற அதே சினிமாப் பாட்டு ஓடியது.

சூடம் காட்டும்போது பாட்டை நிறுத்தினார்கள். காட்டி முடிந்ததும் மெயின் சுவிட்சைப் போடுவார்கள், எல்லாரும் மெஷினை ஒருமுறை ஓட்டி நிறுத்த வேண்டும். அதுதான் வழக்கம். வருசா வருசம் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் இரையும், யார் ஓட்டினார் யார் ஓட்டவில்லை என்று தெரியாது. இந்த வருசம் சுவிட்ச் விழுந்தது, ஒரு சத்தமும் இல்லை. எல்லாரும் பெடல் மேல் காலை வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார்கள்.

அக்கா ஒரு மிதி மிதித்தார். ட்ர்ர்.

லைன் முழுக்க இரண்டு மிதி. ட்ர்ர் ட்ர்ர். மறுபடி இரண்டு. அப்புறம் ஒன்று. அப்புறம் டேப் ஒட்டுகிற இடைவெளி. மறுபடி அடுத்த பெட்டி. மாலையிலிருந்த செவ்வந்தி உதிர்ந்து பெடலில் விழுந்தது. அயர்ன் மேசையில் பீகார்க்காரர் ஒருவர் அவர் முறை பார்த்துப் 'புஸ்' விட்டார்.

"நிறுத்துங்க" என்றார் வேல்குமார் அண்ணன்.

"பூசைக்கு ஓட்டுதோம் தம்பி" என்றார் அக்கா. கால் நிற்கவில்லை. "நீங்க பீரோவுல பூட்டுனது பொட்டியத்தான்."

"பாத்தீங்களா மொதலாளி, இதேதானுங்க. இதுனாலதான் அன்னிக்கு அத்தனை டேமேஜு."

முதலாளி பாட்டுக்கு மயங்கினார் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அவர் மயங்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது பொட்டில்லாத அந்த ஒரு மெஷினை. பூஜையில் ஒரு மெஷின் குறைந்தால் வருசம் முழுக்க ஆர்டர் குறையும் என்று பயப்படுகிற ஆள்.

"வேலு, சரசுவதி பூசையன்னிக்கு ஒருத்தரு ஆயுதத்தப் பூட்டி வெக்கறது நல்லாயில்லீங்க. எடுத்தாங்க."

"அவங்க இன்னும் மன்னிப்பு—"

"எடுத்தாங்கன்னனுங்களே."

வேல்குமார் அண்ணன் போய் எடுத்துவந்து, எல்லார் முன்னாலும், தன் கையால் நீட்டினார். "இத்தனை நாள் கெடந்திருக்குது, சார்ஜே இருக்காதுங்க" என்று ஆறுதலாக ஒன்று சொல்லிக்கொண்டார். அக்கா பட்டனை அழுத்தினார். சார்ஜ் முழுசாக இருந்தது. வேல்குமார் அண்ணன் பீரோவிருக்கிற திசையைத் திரும்பிப் பார்த்தார். நான் சுண்டலில் கல் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினேன்.

அக்கா ஸ்பீக்கர் வயரைக் குத்தி ஆப்பைத் திறந்தார். கட்டப்பலகை வந்தது. பாட்டைப் போடப் போனவர் நின்றார். அந்த ஆயுதத்துக்கு இன்னும் பொட்டு வைக்கவில்லை. எங்கே வைப்பது? கண்ணாடியில் எங்கே தொட்டாலும் எதாவது கத்தும். யோசித்து, சத்தமே வராத அந்தக் காலிக் கட்டமாகப் பார்த்துச் சந்தன விரலை வைத்தார்.

ஸ்பீக்கரில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அப்புறம் ஒரு குரல் இழுத்தது. ஒன்று. இரண்டு. இரண்டு. ஒன்று. எருமைக்குக் கொஞ்சம் தேவலாம். நான்காவது இழுப்பில் கொஞ்சம் நடுங்கி, பிறகு சரியாகிவிட்டது. கடைசியில் கதவுச் சத்தம் ஒன்று கேட்டது. அதே குரல், "அய்யோ, வேல்குமார் அண்ணன் வர்றாரு" என்று முணுமுணுத்தது. முதல் மாடி முழுக்கக் கேட்டது. வாசலில் பூசணிக்காய் உடைக்க நின்றவர்களுக்கும் கேட்டது.

அக்கா மெஷினுக்கு ஒரு பொட்டு வைத்தார். விரலில் மிச்சமிருந்த சந்தனத்தோடு நேராக என்னிடம் வந்து என் நெற்றியில் அழுத்தித் தேய்த்தார்.

"ஏட்டி, தலைவலி இப்போ எப்பிடி இருக்கு?"