கொடைக்கானலில் விரியாத பிச்சி

கொடைக்கானல் அழகான ஊர் என்று யாராவது ஆரம்பித்தால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம், எனக்குப் பதினாறு வயது. அக்காவை அழைத்துவர அப்பாவோடு போனேன்.

அத்தானுக்கு அங்கே ஒரு வெள்ளைக்காரர் தோட்டத்தில் வேலை. அக்காவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம், தாய்வீட்டுக்கு வரவேண்டும். குளிர் ஒத்துக்கொள்ளாமல் இருமல் வேறு. "அப்பா வந்து கூட்டிட்டுப் போகணும்" என்று இரண்டு கடிதம் போட்டுவிட்டாள்.

நாங்கள் தோவாளையில் பூ விளைவிக்கிறவர்கள். பிள்ளைத்தாய்ச்சியை அழைக்கப் போனால் பிச்சி மொட்டை அவள் தலையில் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். இருட்டுவதற்குள் விரிந்தால் மறுநாள் பயணம். விரியாவிட்டால் பயணம் கூடாது. எங்கள் வெயிலில் அது விரியாமல் போனதே இல்லை.

மலையடிவாரத்தில், வத்தலகுண்டில் அப்பா பார்த்துப் பார்த்து மொட்டு வாங்கி ஈர வாழைப்பட்டையில் பொதிந்துகொண்டார். மேலே ஏரி, கருங்கல் மாதாகோவில், பாசி பிடித்த பழைய பங்களாக்கள், பேர் தெரியாத பூக்கள். எல்லாவற்றையும் மூடுபனி மூடியிருந்தது. குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

தோட்டத்துக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. அக்கா கையும் காலும் குச்சியாக நின்றாள். துணிமூட்டை கட்டித் தயாராக வைத்திருந்தாள்.

அப்பா பூவைத் தலையில் வைத்தார். இருட்டிவிட்டது. ஒரு மொட்டுகூட வாய் திறக்கவில்லை.

"மாமா, இந்தக் குளிருல எந்த மொட்டும் நேரத்துக்கு விரியாது," என்றார் அத்தான்.

"மாப்பிள எனக்குப் பூவப் பத்திச் சொல்லித் தராண்டாம்."

"மொட்டு கெடக்கட்டும்பா. என்னைக் கூட்டிட்டுப் போங்க," என்று அக்கா அழுதாள்.

"அடுத்த மாசம் வாறேன் மக்களே. சகுனத்த மீறி உன்னைக் கொண்டுபோவ மாட்டேன்."

பாசம்தான். அந்தப் பாசத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

காலையில் அக்கா அந்தப் பூவைக் கழற்றி என் தலையில் வைத்தாள். "இங்க வீணாத்தான் போவும், நீ வச்சுக்கட்டி." மூட்டையை அவள் இன்னும் அவிழ்க்கவில்லை.

பஸ் இறங்க இறங்கச் சூடு ஏறியது. வத்தலகுண்டு வருவதற்குள் பஸ் முழுக்கப் பிச்சி மணம். தலையைத் தொட்டுப் பார்த்தேன், எல்லாம் விரிந்திருந்தது. பத்தடி தள்ளி நின்றே பிச்சியை அறிகிற அப்பா முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். திரும்பிப் போவோம் என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்கு வீட்டுக்குப் போகவேண்டும் என்றிருந்தது; சொல்லவில்லை.

அடுத்த மாதம் போக நேரவில்லை. அதற்குள் தந்தி வந்துவிட்டது, தாயும் இல்லை பிள்ளையும் இல்லை என்று.

அப்பா தந்தியை மடித்து மடியில் செருகிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணைக்கு பஸ்ஸுல பூ மணத்துச்சே... உனக்கும் மணத்துச்சாட்டி?"

இல்லை என்று சொன்னேன்.