மில் மதிலில் வாரம் ஒரு தப்பு

சுவரில் படம் எழுதுகிறவனின் முதுகைத்தான் ஊர் பார்க்கும். கூச்சக்காரனான நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அதற்காகத்தான். தெருவில் நின்று வேலை பார்க்கும் உங்களுக்கும் என் பாடு தெரிந்திருக்கும்: நமக்குப் பின்னால் நிற்கிற எல்லாருக்கும் நம் வேலை நம்மைவிட நன்றாகத் தெரியும்.

எழுத்து வேண்டாம்

திருவையாறு சாலை பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஒரு ரைஸ் மில் மதில். எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் கலைச்செல்வி டீச்சர் அதை மில் முதலாளியிடம் கேட்டு வாங்கியிருந்தார். பிள்ளைகளுக்கு உபயோகப்படவில்லையென்றால் பொங்கலோடு சிமென்ட் விளம்பரத்துக்குக் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

வயல், மடை, கொக்கு, நத்தை என்று இருபத்து மூன்று படங்கள். பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள் பார்த்து ஆங்கிலப் பெயர் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு வருஷமாக எழுத்து எழுதுகிறவன் நான். பழக்கத்தில், பெயர் எழுத ஒவ்வொன்றின் கீழும் சாக்பீஸ் கோடு போட்டேன். டீச்சர் ஈரத்துணியால் துடைத்துவிட்டார். "எழுதிட்டா படிச்சுட்டுப் போயிடுவாங்க ஐயா. பேரு அவங்க வாயிலேருந்து வரணும்."

ஒன்பது பெண்கள்

நடவுப் படத்தில் ஒன்பது பெண்கள். சேலை மடிப்பை எண்ணி எண்ணிப் போட்டதில் ஒன்றரை நாள் போனது. அவர்களுக்கு முன்னால் வெறும் சேறு, பின்னால் நட்ட பச்சை. பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள், நட்டது முன்னால்தான் இருக்கும் என்பது இந்த ஊரிலேயே பிறந்த எனக்கு உறைக்கவில்லை. நடவு முடிந்து பஸ்ஸுக்கு வந்த ஒரு அம்மா நின்று பார்த்தார். "நட்டதை மிதிச்சுக்கிட்டே போறாளுவளே, இவளுவ எந்த ஊர் ஆளுங்கண்ணே?"

மூன்றாவது கால்

அதுவரை வகுப்பின் நாற்பத்தொரு பிள்ளைகளில் சுவரைப் பார்த்தவர்கள் ஆறே பேர். அன்றைக்கு என் தப்பைப் பார்க்க வகுப்பே கூடிவிட்டது; பின்னால், கால், சேறு எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் கேட்டுக் கேட்டுச் சொன்னார்கள். டீச்சர் கண்ணில் அது பட்டுவிட்டது. வாரம் ஒரு தப்பு வேண்டுமென்றே போடச் சொன்னார். கோடு நூலளவு விலகினாலே எனக்குச் சோறு இறங்காது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொக்குக்கு மூன்றாவது கால் வரைந்தேன். பிள்ளைகள் "த்ரீ லெக்ஸ்" என்று கத்த, பஸ் ஜன்னலிலிருந்து ஒருவர் நிதானமாகச் சொன்னார்: "பெரியவரை ஒரு நல்ல கண் டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா."

அளவெடுக்க வந்தவர்

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் முதலாளி சிமென்ட் கம்பெனி ஆளோடு வந்தார். அந்த ஆள் டேப்பை இழுக்கவே இடமில்லை. பிள்ளைகள் சுவரை மறைத்துக்கொண்டு அந்த வாரத்துத் தப்பைத் தேடினார்கள். டீச்சர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இரண்டு தடவை நடந்தார். கம்பெனி ஆளை அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார். "தப்பு எதுன்னு எனக்குத் தெரியல பெரியவரே. சொல்லிடாதீங்க, நாளைக்கு வந்து பார்க்கிறேன்."

நான் ஒரு புள்ளிகூடப் பிசகாமல் எழுதிய சுவர்களையெல்லாம் வெள்ளையடித்துவிட்டார்கள், தப்புத் தப்பாக எழுதிய இந்த ஒன்றுதான் நிற்கிறது.