நெத்தி விளக்கும் நாப்பது பூச்சக்கண்ணும்

பனச்சமூட்டுல பஸ் இறங்கி, அருமநாயகம் வீடு எதுன்னு கேட்டுப் பாருங்க. எல்லாவனும் முழிப்பான். "போஸ்ட்டு வீடு எது"ன்னு கேளுங்க, வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவான். போஸ்ட்டுன்னா தெருவிளக்கு மாட்டுத கரண்டு கம்பம். அந்தப் பேரு எனக்கு எப்படி வந்துதுன்னு நானே சொல்லிப்போடுதேன். ஊருகாரன் சொன்னா ரெண்டு கூட்டித்தான் சொல்லுவான்.

நான் ரப்பர் வெட்டுகாரனாக்கும். காலையில மூணு மணிக்கு எந்திரிச்சு, நெத்தியில டார்ச்சைக் கெட்டி, பேட்டரியை இடுப்புல சொருகிப் போனா முந்நூறு மரத்துல பால் வெட்டின பொறவுதான் பாலில்லாத கட்டஞ்சாயா. படிப்பு ஏழாங்கிளாஸ். வாய் மட்டும் எம்.ஏ. எவனாவது எதிர்த்து ஒண்ணு சொன்னா, அது சரியா தப்பான்னு யோசிக்கதுக்கு முந்தி எனக்குச் சத்தம் வந்துரும்.

வீட்டுக்காரி குமாரிக்கு அண்டியாபீசுல வேலை. முந்திரிக்கொட்டை உடைக்குத கம்பெனிக்கு எங்க பக்கம் அப்படித்தான் பேரு. சாயங்காலம் ஏழு மணி பஸ்ஸில வந்து இறங்கி, குளத்தங்கரை வளைவைச் சுத்தி வீட்டுக்கு நடக்கணும். அந்த வளைவுல ரோட்டுக்கும் குளத்துக்கும் நடுவுல ஒரு முழம் மண்ணுதான் உண்டு. வெளிச்சம்னு ஒரே ஒரு குண்டு பல்பு, அதுவும் பவர்கட்டு நேரம் போவ மீதி நேரம் மினுங்கும். குமாரிக்கு நீச்சல் தெரியாது. அந்த வளைவு வந்தா ஜெபம் சொல்லிக்கிட்டே நடப்பா.

தொண்ணூத்தி ஏழுல பஞ்சாயத்துக்குத் திட்டப் பணம் வந்துது. என்ன வேணும்னு ஊருகாரன்தான் கிராமசபையில சொல்லணும்னும் வந்துது. குமாரியும் கூட வேலை செய்யுத பெண்ணுங்களும் சேர்ந்து, வளைவுல ரெண்டு டியூப்லைட்டு வேணும்னு மெம்பர் ராஜபாய் அக்காகிட்ட மனு குடுத்தாவ. அதோட நின்னிருந்தா நல்ல காரியம். ஆனா அந்த வாரம் பார்த்து அவளுக்க தம்பி கனகதாஸ் மஸ்கட்டுல இருந்து வந்தான்.

மத்தவன் மச்சினன் எல்லாம் சென்ட்டு கொண்டுவருவான், சோப்பு கொண்டுவருவான். எனக்க மச்சினன் ரோட்டு கம்பெனிகாரன். ரோட்டுல பதிக்குத ரெண்டு கண்ணாடிக் கட்டையைக் கொண்டுவந்தான். "அத்தான், இதுக்குக் கரண்டே வேண்டாம். அங்க ரோடு பூராவும் இதாக்கும்"னான். பாத்தா பூனைக்கண்ணு மாதிரி இருந்துது; பூனையை நாங்க பூச்சைன்னு சொல்லுவோம். அதனால அதுக்குப் பூச்சக்கண்ணுன்னு நான்தான் பேரு வச்சேன்.

மறுநாள் மூணு மணிக்கு வெட்டுக்குப் போவும்போ ரெண்டையும் வளைவுல வச்சுப் பாத்தேன். அம்மோ! என்னா ஜொலிப்பு! குனிஞ்சு பாத்தேன், ஜொலிக்குது. தள்ளி நின்னு பாத்தேன், ஜொலிக்குது. பின்ன ஜொலிக்காதா? நான் திரும்புத பக்கமெல்லாம் என் நெத்தியும் கூடவே திரும்புதே! பதினெட்டு வருசமா அந்த டார்ச்சு என் தலையில இருக்கு. தலைமயிரு மாதிரி அதுவும் தலைக்க ஒரு பாகம்னே ஆயிப்போச்சு. அது எரிஞ்சுக்கிட்டிருக்கு, அந்த வெளிச்சத்தைத்தான் கட்டை திருப்பிக் காட்டுதுங்கத நினைப்பே எனக்கு வரல்ல.

கிராமசபையில எந்திரிச்சு நின்னேன் பாருங்க! "கரண்டு வேண்டாம், பவர்கட்டு பயம் வேண்டாம், பல்பு மாத்த ஏணி வேண்டாம். டியூப்லைட்டு எதுக்கு? உலகம் எங்கயோ போயாச்சு"ன்னு ஒரே பிரசங்கம். ஜீப்பு ஓட்டுத யோசுவா, "சரியாக்கும், நானும் ஹைவேயில பாத்திருக்கேன், நல்லா தெரியும்"னு ஒத்து ஊதினான். நெத்தியில விளக்குள்ளவனும் வண்டியில விளக்குள்ளவனும் சேர்ந்து பேசினா வேற என்ன நடக்கும்?

கண்ணால பாக்கணும்னு ஊரே வளைவுக்கு வந்துது. இருட்டியாச்சு. நான் டார்ச்சைக் கெட்டிக்கிட்டு முன்ன நிக்கேன், ஜனம் எனக்க முதுகுக்குப் பின்னால நெருக்கி நிக்குது. பூச்சக்கண்ணு ரெண்டும் தீ மாதிரி எரியுது. கைதட்டல்! அப்ப குமாரி மெதுவா, "இஞ்சேருங்க, அந்த நெத்தி விளக்க அணைச்சிட்டு ஒருக்கா காட்டுங்க"ன்னா.

எனக்குச் சத்தம் வந்துட்டு. "எட்டீ, உனக்கு என்ன தெரியும்? விளக்க அணைச்சா நான் எப்படி நடப்பேன்?"

பாத்தியளா? உண்மையை எனக்க வாயே சொல்லிப்போட்டுது. கேக்கத்தான் எனக்குக் காது இல்லாமப் போச்சு. ஊரு அவளைப் பாத்துச் சிரிச்சுது.

நாப்பது பூச்சக்கண்ணு வந்துது. காலையில பத்து மணி வெயில்ல திறப்பு விழா. எனக்கு ஒரு துண்டு போர்த்தினாவ. இனி இங்க எதுக்குன்னு, இருந்த குண்டு பல்பையும் வேற வார்டுக்குக் கழத்திக் கொண்டுபோனாவ.

மூணாம் நாளு. ஏழு மணிக்கு நான் படுத்தாச்சு. வாசல்ல யோசுவாவுக்க ஜீப்பு வந்து நின்னுது. குமாரி நனைஞ்சு ஒடுங்கி இருக்கா, வலது கை தொங்குது. இருட்டுல பூச்சக்கண்ணு ஒண்ணுல காலு தட்டிக் குளத்துல விழுந்திருக்கா. ஜீப்பு வெளிச்சம் அந்நேரம் விழல்லன்னா அவ இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா: "நாப்பதுல ஒண்ணுகூட முழிக்கல்ல."

அன்னைக்கு நான் அழுதேன். ஆனா தப்புன்னு சொன்னனா? அதெப்படி! "செருப்பு வழுக்கிட்டு"ன்னு ஊரெல்லாம் சொன்னேன். மறுநாள் தொட்டு சாயங்காலம் டார்ச்சைக் கெட்டிக்கிட்டு பஸ் ஸ்டாப்புல போய் நின்னேன். குமாரி வீட்டுல கெடக்கா, அவளுக்கக் கூட்டுகாரிகளையாவது கரை சேர்க்கணும்லா. நான் முன்ன, எட்டுப் பெண்ணுங்க பின்ன. அப்படி விழுந்த பேருதான் போஸ்ட்டு.

நாலு மாசம் கழிஞ்சு அடுத்த கிராமசபை. ராஜபாய் அக்கா சொன்னா: "டியூப்லைட்டுன்னு தீர்மானம் எழுதணும்னா பழைய திட்டம் சரியில்லன்னு யாராவது எந்திரிச்சுச் சொல்லணும்." எல்லாரும் என்னைப் பாத்தாவ. குமாரி மட்டும் என்னைப் பாக்கல்ல, மடியில கெடந்த கையைப் பாத்துக்கிட்டிருந்தா. கட்டு அவுத்தாச்சு, ஆனா விரலு மடங்கல்ல. அண்டியாபீசுல இனி வரண்டாம்னு சொல்லியாச்சு.

"இருட்டினதும் எல்லாரும் வளைவுக்கு வாங்க"ன்னேன்.

முன்ன மாதிரியே நான் முன்ன, ஊரு பின்ன. நாப்பதும் ஜொலிச்சுது. நான் இடுப்புல கைய விட்டு சுவிச்சை அணைச்சேன்.

நாப்பதும் ஒண்ணா அணைஞ்சுபோச்சு. குளத்துல தவளை கத்துதது மட்டும் கேட்டுது. அந்த இருட்டுலதான் எனக்கு வாய் வந்துது. "அன்னைக்கு இவ இதைத்தான் காட்டச் சொன்னா. நான் கேக்கல்ல. முட்டாளு நானாக்கும். எழுதிக்கிடுங்க."

பக்கத்துல இருந்து ஒரு கை வந்து எனக்க கையைத் தொட்டுது. பிடிக்கப் பாத்துது, பிடிக்க முடியல்ல. மடங்காத அந்த விரலை நான்தான் பிடிச்சுக்கிட்டேன்.

"போதும், விளக்கப் போடுங்க"ன்னா குமாரி. "அவங்க எல்லாரும் வீட்டுக்குப் போண்டாமா?"

போட்டேன். தலையைத் திருப்பினா வெளிச்சம் அவ முகத்துல விழும். அதனால குனிஞ்சுக்கிட்டே வீடு வரைக்கும் நடந்தேன்.